பேந்து விடும், பிள்ளை

தார் போட்ட றோட்டில் போகிற ஆட்களுக்குத் தார் மட்டும்தான் தெரியும். அந்தத் தாரைக் கொட்டி, பரவி, உருளை ஓட்டி முடிக்கும் மட்டும் யாரோ இரண்டு பேர் இரண்டு பக்கமும் வாகனங்களை மறித்துக்கொண்டு நின்றார்கள் என்பது ஒருத்தருக்கும் நினைவு வராது. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் அந்தப் பெரிய றோட்டை ஒரு கோடை முழுக்கச் சுரண்டித் திரும்பத் தார் போட்டபோது, அதன் மேட்டுப் பக்கத்துத் தலைப்பில் பலகை பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. நல்லாய் நின்றேன்.

எழுத்து எனக்குப் பெரிதாக வராது. பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம்தான். ஆனபடியால் மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன், நீங்களும் ஆறுதலாக வாசியுங்கோ.

மொன்றியலுக்கு வந்த நாள் தொட்டு நான் தையல் ஃபக்டரியில்தான். ஃபக்டரியைப் பூட்டினபோது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மகன் நகரத்துக்கு வெளியே டொலார்டில் வீடு வாங்கி இருக்கிறான். "இனிப் போதும் அம்மா, எங்களோடை வந்து இருங்கோ" என்றான். போய் ஒரு மாதம் இருந்தும் பார்த்தேன். வீடு வடிவான வீடு. ஆனால் காலமையில் எல்லாரும் காரில் ஏறிப் போய்விட்டால், பின்னேரம் வரைக்கும் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். அதென்றாலும் உறுமும், நான் அதுவும் செய்யிறதில்லை. என்ரை அப்பார்ட்மெண்டுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

உடுப்புத் தோய்க்கிற அறையில் சந்தித்த ஒரு மனிசிதான் சொன்னா, றோட்டு வேலைக்குப் பலகை பிடிக்க ஆள் தேடுகிறார்கள், ஒரு நாள் படிப்புத்தான் என்று. போனேன். படிப்பு பிரெஞ்சில். பாதி விளங்கியது, மற்றப் பாதிக்கு அவர்கள் செய்து காட்டினார்கள். ஒரு பக்கம் நில் என்கிற சிவப்புப் பலகை, மறு பக்கம் மெதுவாகப் போ என்கிறது. காலை அகட்டி நிற்க வேணும், முதுகு வளையக் கூடாது, வருகிற வாகனக்காரன்ரை முகத்தை நேரே பார்க்க வேணும். இது மூன்றும் எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் இரும்பு மூக்கு வைத்த சப்பாத்துமாக என்னைக் கண்ட அன்று மகன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"அம்மா, கோயில் ஆக்கள் அந்த றோட்டாலை போறவை. கண்டால் என்ன சொல்லுவினம்?"

"நில் எண்டு பலகை பிடிச்சால் நிப்பினம். வேறை என்ன?"

"பகிடி விடாதேங்கோ. ஒரு பிரச்சினை, ஒரேயொரு பிரச்சினை வந்தால் அண்டைக்கே விட்டிட்டு டொலார்டுக்கு வந்திடோணும். சத்தியம் பண்ணுங்கோ."

"சத்தியம் ஒண்டும் பண்ணமாட்டன். வந்தால் பாப்பம்."

அவன் அதைச் சத்தியம் என்றே எடுத்துக்கொண்டான். பிள்ளைகள் அப்படித்தான்.

முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. பலகையைத் திருப்பிவிட்டு, வாங்கோ வாங்கோ என்று கையால் கூப்பிட்டேன். நாங்கள் கூப்பிடுகிற மாதிரி, உள்ளங்கை கீழே பார்க்க, விரலை மடக்கி மடக்கி. முன்னுக்கு வந்த கார் சடாரென்று நின்றது. நான் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அவன் பின்னுக்குப் போகத் தொடங்கினான்! ஓவசியர் ஓடி வந்தார். அவருக்கு இங்கே வேறு பேர், ஆனால் றோட்டு வேலைக்குப் பொறுப்பானவரை எங்கட ஊரில் ஓவசியர் என்றுதான் சொல்லுவது, நானும் அப்படியே சொல்லுகிறேன். சிவந்த தாடி வைத்த பெரிய மனிசன். உள்ளங்கையை மேலே திருப்பிக் கூப்பிட வேணும் என்று காட்டினார். எனக்கு அது நாயைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆனால் இந்த ஊர்க்காரருக்கு அதுதான் மரியாதை என்றால் அப்படியே இருக்கட்டும்.

வேலையின் முறை இதுதான். றோட்டின் ஒரு பாதியில் மெசின்கள் நிற்கும். மிச்சம் இருக்கிற ஒரு வழியால்தான் இரண்டு பக்கத்து வாகனமும் மாறி மாறிப் போக வேணும். மேட்டில் நான், கீழே ஆசுப்பத்திரிப் பக்கம் இன்னொரு ஆள். நடுவில் வளைவு, லொறி, புகை. ஒருத்தரை ஒருத்தர் காண ஏலாது. கையில் ஒரு வோக்கி-டோக்கி. அவர் தன்ரை வரிசையை விட்டு முடித்து, கடைசி வாகனம் இன்னது என்று சொல்லுவார். அது என்னைத் தாண்டின பிறகுதான் நான் என்ரை வரிசையை விடுவேன். முதலில் கீழே நின்றவர் ஒரு ஹெயிட்டிக்காரர். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய உடைசல் பிரெஞ்சும் ஒன்றுக்கொன்று பிழையில்லாமல் ஓடியது. அவரை வேறு றோட்டுக்கு மாற்றினார்கள். அவருக்குப் பதிலாக ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து, ஓவசியர் என் முன்னால் நிறுத்திப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மதாம், உங்களுக்கு ஒரு பரிசு. இவவும் தமிழ். ஒரே பாஷை! இனி எனக்குத் தலையிடி இல்லை."

அவள் சென்னைப் பிள்ளை. நாற்பது வயதிருக்கும். எனக்கு நாற்பது வயது ஆட்கள் எல்லாரும் பிள்ளைதான். சிரித்த முகம், சுறுசுறுப்பு.

"வணக்கம் ஆன்ட்டி! நீங்க சிலோனா? உங்க தமிழ் ரொம்ப ஸ்வீட்டா இருக்கும்பாங்க."

"இனிப்போ புளிப்போ தெரியாது. நீர் வெயிலுக்கை தொப்பியைக் கழட்டாமல் நிண்டால் போதும்."

"நீரா? அது தண்ணியில்ல?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நான் அவளுக்குச் சொன்னேன், நீ என்று சொன்னால் மரியாதைக் குறைவு, நீங்கள் என்று சொல்ல நீர் என்னிலும் இளையவள், ஆனபடியால் நடுவில் நீர் என்று. "அய்யோ, நல்லாருக்கே" என்றாள். ஒரு கிழமை எல்லாம் நல்லபடிதான் போனது. வோக்கி-டோக்கியில் தமிழ் கேட்கக் கேட்க எனக்கும் பெருமை. மொன்றியலின் நடுவில் ஒரு பெரிய றோட்டு தமிழில் ஓடுது, வேறு என்ன வேணும்?

பிறகு அந்த நாள் வந்தது.

காலமை வேலைக்குப் போகிற நேரம். பஸ், டக்சி, பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் சைக்கிள், எல்லாம் என் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றன. நடுவில் தார் பரவுகிற மெசின் பெரிய சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. என்ரை முறை. என்ரை வரிசையை விட்டேன். அரைவாசி போயிருக்கும், வோக்கி-டோக்கி கரகரத்தது.

"ஆன்ட்டி, இங்க லைன் ரொம்ப நீளமாயிடுச்சு. எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. விடட்டுமா?"

"பேந்து விடும் பிள்ளை" என்றேன். என்ரை ஆக்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சரி ஆன்ட்டி."

சரி என்றாள்தானே. நான் என்ரை பாட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கீழே ஹோன் சத்தம். முதலில் ஒன்று. பேந்து ஒரு கலியாண ஊர்வலம் மாதிரி. என் பக்கத்து வரிசை அசையாமல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். வளைவில் நான் விட்ட பஸ்ஸும் அவள் விட்ட தளபாட லொறியும் மூக்கோடு மூக்கு முட்டாத குறையாக நின்றன. பஸ்ஸுக்குப் பின்னால் என்ரை வரிசை, லொறிக்குப் பின்னால் அவளின்ரை வரிசை. அதற்குள் மாட்டுப்பட்டு, சூடான தாரை ஏற்றிக்கொண்டு வந்த லொறி, மெசினுக்குக் கிட்டப் போக வழியில்லாமல் நின்றது.

தார் களி மாதிரி. சூட்டோடு கொட்டிப் பரவ வேணும். ஆறினால் இறுகிவிடும், ஒன்றுக்கும் உதவாது. ஓவசியர் அந்த லொறியைப் பார்க்கிறார், றோட்டைப் பார்க்கிறார், தொப்பியைக் கழற்றித் தலையைப் பிடிக்கிறார்.

நான் நின்ற இடத்திலிருந்து கத்திக்கொண்டு நிற்கவில்லை. புதிதாக வருகிற வாகனத்தை மறிக்க, கிட்ட நின்ற வேலையாளிடம் பலகையைக் கொடுத்தேன். வரிசையின் வாலில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு காராகப் பின்னுக்கு எடுப்பித்தேன். கண்ணாடியில் தட்டுவது, கையைக் காட்டுவது, "மெர்சி" என்பது, அடுத்த கார். ஒரு கோட்டுப் போட்ட ஆள் தன்ரை மணிக்கூட்டைக் காட்டி ஏதோ பேசினார். "நானும் மணிக்கூடு கட்டியிருக்கிறன் ஐயா, பின்னுக்கு எடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். எடுத்தார். கடைசியில் பஸ்ஸும் பின்னுக்கு வந்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் தார் ஆறிவிட்டது. அந்த லொறியைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஓவசியர் எங்கள் இரண்டு பேரையும் தன்ரை வானுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அவரின் முகம் தாடியைவிடச் சிவப்பு. அவர் கேட்கும் முன்னம் சென்னைப் பிள்ளை அழுவாள் போல என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்கதானே விடச் சொன்னீங்க?"

"நான் எங்கை சொன்னனான்? பேந்து விடும் எண்டெல்லோ சொன்னனான்!"

"ஆமா. பாத்து விடுன்னீங்க. நானும் ரெண்டு பக்கமும் நல்லா பாத்துட்டு, வண்டி எதுவும் வராதப்பதான் விட்டேன்!"

"பாத்து இல்லை பிள்ளை, பேந்து! பேந்து!"

"பேந்துன்னா என்ன ஆன்ட்டி?"

நான் அவளைப் பார்த்தேன். பகிடி விடுகிறாளோ என்று. இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறாள்.

"பேந்து எண்டால் பிறகு."

"அப்ப அப்புறம்னு சொல்லக்கூடாதா?"

"அப்புறம் எண்டு படத்திலைதான் கதைப்பினம். மனிசர் பேந்து எண்டுதான் சொல்லுறது."

"நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

ஓவசியர் நடுவில் கையை நீட்டினார். என்ன நடந்தது என்று நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல். அவளுக்குத் தெரியாது. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே பாஷை என்றீர்களே?"

"நாங்கள் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றேன்.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு வேறு இரண்டு பேர் பலகை பிடிப்பார்கள், நீங்கள் இரண்டு பேரும் நடைபாதையில், சனம் குறுக்கே போகிற இடத்தில் நில்லுங்கோ என்றார். அதுவும் வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பலகையை வாங்கிவிட்டு என்னை நடைபாதைக்கு இறக்குவதென்றால்? அது மகனுக்குக் கேட்டால்? அன்று பின்னேரமே டொலார்டுக்குப் பெட்டி கட்டத்தான் வேணும். எனக்கு அந்தப் பலகை வேணும்.

"மிஸ்ஸியூ, ஒரு நாள் தாங்கோ. ஒரேயொரு நாள். ஒரு சொல்லுத்தானே பிழைச்சது, நிக்கிறதிலை பிழையில்லை."

அவர் தாடியைச் சொறிந்தார். நல்ல மனிசன்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவேன். சின்னத் தடுமாற்றம் வந்தாலும் பலகை அவனிடம் போகும். வோக்கி-டோக்கியில் எனக்கு விளங்காத ஒரு சொல்லும் வரக்கூடாது. நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்."

பின்னேரம் பஸ் தரிப்பில் நானும் அவளும் இருந்தோம். பக்கத்து டெப்பனேர்ப் பெட்டிக்கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"கோவமா ஆன்ட்டி?"

"கோவம் இல்லை. யோசிக்கிறன்."

உண்மையில் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பேந்து விடும் என்பதில் பேந்து சத்தத்தில் அடிபட்டுப் போனால், மிஞ்சுவது விடும். நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். பிறகு விடு என்றாலும் அதே வில்லங்கம்தான், அப்புறம் விடு என்றாலும் அதே. பிழை என்ரை தமிழிலும் இல்லை, அவளின்ரை தமிழிலும் இல்லை. மறிக்கச் சொல்லுகிற இடத்தில் விடு என்ற சொல்லே வரப்படாது. பாதி கேட்டாலும் அந்தப் பாதியே முழு விசயத்தையும் சொல்ல வேணும்.

அதை அவளுக்குச் சொன்னேன். அவள் துள்ளி எழும்பாத குறை.

"கரெக்ட் ஆன்ட்டி! அப்ப நிறுத்தணும்னா ஃப்ரெஞ்ச்ல வெறும் நோன். நோன், நோன், நோன். வேற எதுவும் கிடையாது."

"ஓம். விடலாம் எண்டதுக்குச் சொல்லே வேண்டாம். கடைசிக் காரின்ரை நிறத்தை மட்டும் சொல்லுவம். கேட்ட ஆள் அதைத் திருப்பிச் சொல்லோணும். அந்த நிறம் கண்ணுக்கு முன்னாலை போகும் மட்டும் பலகை திரும்பாது."

"கலர் எல்லாம் ஃப்ரெஞ்ச்ல சொல்லணுமே. எனக்கு ரூஜ், பிளான், நுவார் தான் தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

ஏனென்று கேட்டால், ஃபக்டரியில் நூல் கேட்கப் போனால் நீலம் என்று கேட்க ஏலாது, எந்த நீலம் என்று கத்துவார்கள். மரீன், ரோயல், சியேல். இந்த ஊர்ச் சனத்துக்கு வீடு பூராவும் நிறம் வேணும், காரில் மட்டும் நிறம் பிடிக்காது. றோட்டைப் பாருங்கோ, கறுப்பு, வெள்ளை, சாம்பல், திரும்பவும் சாம்பல். ஆனபடியால் சாம்பலையே பிரித்தோம். முத்துச் சாம்பல், கரிச் சாம்பல், எலிச் சாம்பல். றோட்டில் போன ஒவ்வொரு காராகக் காட்டி நான் கேட்டேன், அவள் சொன்னாள். பஸ் இரண்டு வந்து போய்விட்டது. மூன்றாவதில்தான் ஏறினோம்.

அடுத்த நாள் காலமை ஓவசியர் சொன்னபடி ஒரு ஆளை எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நெடிய ஆள், கையைக் கட்டிக்கொண்டு என்ரை பலகையைப் பார்த்தபடி. அன்றைக்குத்தான் ஆசுப்பத்திரி வாசலுக்கு முன்னால் மேல் தார் போடுவது. ஆகக் கரைச்சலான இடம்.

"தெர்னியேர், கிரி பேர்ள்" என்றாள் அவள் கீழேயிருந்து. கடைசி, முத்துச் சாம்பல் என்று.

"கிரி பேர்ள்."

"தெர்னியேர், வேர் ஒலீவ்" என்றேன் என்ரை முறைக்கு. ஒலிவ் பச்சை.

"வேர் ஒலீவ், மதாம்."

ஓவசியர் இடையில் புகுந்தார். "இது என்ன, றோட்டா, துணிக்கடையா?" நான் அடுத்த காரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியதுதானே, அது போதும்.

பத்து மணிக்குப் பிறகு, கீழிருந்து சொல் வந்தது. "தெர்னியேர், போர்டோ." போர்டோ என்று திருப்பிச் சொன்னேன். பலகையின் சிவப்புப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு, வருகிற வாகனத்தை எண்ணாமல் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்து வரிசையின் முன்னுக்கு ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அம்மா!"

மகன். பல்லு வைத்தியரிடம் போகிறானாம். வேறு நாளே கிடைக்கவில்லை.

"நில்லு தம்பி."

"நிக்கிறன்தானே. எவ்வளவு நேரம்?"

"பாப்பம்."

கீழிருந்து வந்த வாகனங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. கறுப்பு, வெள்ளை, கறுப்பு. பேந்து வழி வெறுமையாய்ப் போனது. வளைவு வரைக்கும் ஒன்றும் இல்லை. மகனுக்குப் பின்னால் ஒருத்தன் ஹோன் அடித்தான். அதற்குப் பின்னால் இன்னொருத்தன்.

"அம்மா, அங்காலை ஒருத்தரும் இல்லை. விடுங்கோவன்."

"போர்டோ இன்னும் வரேல்லை."

"ஆரது போர்டோ?"

"பேசாமல் இரு."

"அம்மா, எல்லாரும் எனக்கெல்லோ ஹோன் அடிக்கினம்!"

"உனக்கில்லை, எனக்கு. நான் நிக்கிறன்தானே, நீ இருந்துகொண்டுதானே இருக்கிறாய்."

பக்கத்தில் நின்ற நெடிய ஆள் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். வெறும் றோட்டைக் காட்டி, விடலாமே என்று தோளைக் குலுக்கினான். ஓவசியர் அங்காலே வானோடு சாய்ந்துகொண்டு என்னைத்தான் பார்க்கிறார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பலகையைத் திருப்ப வேணும் என்று ஒரு கணமும் கை போகவில்லை. நிறம் இன்னும் வரவில்லை.

"போர்டோ?" என்று வோக்கி-டோக்கியில் கேட்டேன்.

"நோன் நோன் நோன்!" என்றாள் அவள்.

அப்போதுதான் வளைவில் தார் லொறியின் பின்பக்கம் தெரிந்தது. மெசினுக்குக் கிட்டப் போக, வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு, குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிய, அதற்குப் பின்னால் மறிபட்டு நின்ற ஒரு பழைய கார், திராட்சைச் சிவப்பு, ஒரு கிழவர் ஓட்டிக்கொண்டு, நடந்து வருகிற வேகத்தில் வந்தது. மகன் லொறியையும் பார்த்தான், காரையும் பார்த்தான். முன்னம் நான் விட்டிருந்தால் அந்த லொறிக்குள் போய் நிற்பது அவன்தான். அது அவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"இதுதான் போர்டோ" என்றேன். பலகையைத் திருப்பினேன். உள்ளங்கையை மேலே காட்டி, போ என்றேன். அவன் போனான். போகும்போது தலையாட்டினானோ இல்லையோ, நான் அடுத்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தார் சூட்டோடு விழுந்தது. மத்தியானம் ஓவசியர் வந்து நெடிய ஆளிடம் ஏதோ சொன்னார். அவன் தன்ரை சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே நடைபாதைப் பக்கம் போனான். பிறகு என்னிடம் திரும்பினார். "போர்டோ" என்று மட்டும் சொல்லி, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு போனார். கீழேயிருந்து அவள், "ஆன்ட்டி, நம்மள மாத்தல! நம்மள மாத்தல!" என்று தமிழில் கத்தினாள். "பிரெஞ்சிலை சொல்லும்" என்றேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி, காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருக்க, மகனிடமிருந்து ஃபோன் வந்தது. முந்தின நாள் நடந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள் போல. ஏசுவான் என்றுதான் நினைத்தேன். ஏசவில்லை.

"பல்லு என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"பல்லு பரவாயில்லை. பிந்திப் போனதுக்கு டொக்டர் ஏசினவ." பிறகு கேட்டான். "அம்மா, நாளைக்கும் அங்கைதான் நிப்பியளோ?"

"ஓம், நிப்பன். றோட்டு முடியும் மட்டும் நிப்பன். நீ வேறை றோட்டாலை போ."